விறகு நெருப்புக்கு ஒரு துணை நெருப்பு

பாயசத்தில் மணக்கும் ஏலக்காயை நாம் எல்லாரும் அறிவோம். அது எப்படிக் காய்ந்தது, காய்ந்த பின்னும் எப்படிப் பச்சையாகவே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? மிளகு காய்ந்தால் கறுத்துவிடுகிறது. கறிவேப்பிலையை வெயிலில் போட்டால் மாலைக்குள் பழுப்பாகிறது. ஏலக்காய் மட்டும் தன் ஈரம் முழுவதையும் இழந்து, பசுமையை இழக்காமல் கடைக்கு வருகிறது. இரவு முழுவதும் ஒருவர் கண் விழித்துக் காக்கும் நெருப்பினால்தான் இது நடக்கிறது. அந்த நெருப்பு இடையில் அணைந்தால் என்ன ஆகும், அணையும் வேளையில் கைகொடுக்க இன்னொரு நெருப்பை எப்படி அமைப்பது என்பதையே இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது அயலார் கதை அன்று. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினாலும், கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஏறினாலும், நாம் சென்று சேர்வது ஏலமலையில்தான். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துள் பரந்து கிடக்கிறது அந்த மலை. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கொண்டு மலையேறிக் காய் எடுத்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்களில் நம் பள்ளி மாணவியரின் அன்னையரும் உண்டு. காய் விளைவது மலைமேல். அதற்கு விலை சொல்வது நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில். அவற்றில் ஒன்று கேரளத்தின் புத்தடியில் இருக்கிறது, மற்றொன்று நம் போடிநாயக்கனூரில் இருக்கிறது. (ஏலக்காய் ஏலம் என்று வேகமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள், தோழியரே!) ஏலத்தில் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பிறகுதான் பருமனும் மணமும்.

எடுத்த காயில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு தண்ணீர். அதை 10 முதல் 12 பங்கு வரை குறைத்தால்தான் பூஞ்சை பிடிக்காமல் மூட்டையில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பச்சைக் காயில் தண்ணீர் போக உள்ள சத்து 20 கிலோ. பத்துப் பங்கு ஈரத்தோடு அது ஏறக்குறைய 22 கிலோ உலர்ந்த காயாக நிற்கும். மீதி 78 கிலோவும் ஆவியாகிக் காற்றோடு போக வேண்டிய தண்ணீர்! ஐந்து குடத்துக்கும் மேற்பட்ட தண்ணீரைக் காயின் தோல் வெடிக்காமல், நிறம் மங்காமல், உள்ளிருக்கும் மணத் தைலம் பறந்துவிடாமல் வெளியேற்றுவது எளிய வேலையா?

வெயிலில் உலர்த்தலாமே என்று கேட்கலாம். வெயிலில் காயும் ஏலக்காய் வெளுத்துப் போகும், தோலும் வெடிக்கும். மேலும் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் ஆகஸ்டு முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் ஏலமலையில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. ஆகவே காயைக் கழுவி, கம்பி வலைத் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடிய அறைக்குள் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். அந்த அறைக்கு மலையில் 'ஸ்டோர்' என்று பெயர்.

பழைய குழாய் ஸ்டோரின் அமைப்பு மிக எளியது. அறையின் ஒரு புறம், வெளிப்பக்கமாக வாய் வைத்த அடுப்பு. அதில் எரியும் விறகின் புகையும் வெப்பமும் பெரிய இரும்புத் தகட்டுக் குழாய்களின் வழியாக அறைக்குள் தரையை ஒட்டி ஓடி, மறுபுறம் புகைபோக்கியில் ஏறி வெளியே போகும். புகை குழாய்க்குள்ளேயே இருக்கும். குழாயின் சூடு மட்டும் அறைக்கு வரும். சூடான காற்று தட்டுகளினூடே மேலெழுந்து காயின் ஈரத்தை வாங்கிக் கொண்டு, மேலே உள்ள காற்றுத் துவாரங்கள் வழியாக வெளியேறும். 18 மணி நேரம் முதல் ஒன்றரை நாள் வரை இவ்வாறு வேகும் அறைக்கு, காற்றாடியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பிற்காலத்தில் வந்த உலர்த்திகளில், விறகு எரியும் இரும்புக் கூட்டைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி, சூடேறிய அந்தக் காற்றை மின் காற்றாடியால் தட்டுகளுக்கு ஊதுகிறார்கள். நேரம் குறைகிறது, விறகும் குறைகிறது.

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். இலைக்கும் காய்க்கும் பச்சை நிறம் தருவது பச்சையம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. காயின் உயிரணுக்கள் சூட்டில் சிதையும்போது அவற்றிலுள்ள அமிலங்கள் வெளிப்பட்டு, அந்த மெக்னீசியத்தை வெளியே தள்ளிவிடுகின்றன. மெக்னீசியம் போனதும் பச்சை போய், மங்கிய பழுப்புப் பச்சை வந்துவிடும். கீரையை மூடி வைத்து நெடுநேரம் வேக வைத்தால் நிறம் மாறுவதும் இதனால்தான். இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. (நம் கடமலைக்குண்டு பக்கத்து மயிலாடும்பாறை என்று எண்ணிவிட வேண்டாம்.) உலர்த்துமுன் காயை 2 சதவீத சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊற வைக்கலாம் என்று ஏலக்காய் விவசாயிகளுக்குச் சொல்லப்படும் முறைக்கும் இதே காரணம்தான், சோடாவின் காரம் அமிலத்தை அடக்கிவிடுகிறது.

வெப்பம் 60 டிகிரியைத் தாண்டி நீடித்தால் காய் பழுத்து வெடிக்கும்; தைலமும் போகும். அதைவிடக் கெடுதி, வெப்பம் இடையில் இறங்கிவிடுவது. 50 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 83 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம் மட்டுமே தாங்கும். எஞ்சியது எங்கே போகும்? தண்ணீராக மாறிக் காயின் மேலேயே படியும். பாதி வெந்த, ஈரமான, வெதுவெதுப்பான காயின் மேல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்! அமிலமும் அதன் வேலையைத் தொடர்ந்து செய்யும். நள்ளிரவு 1 மணிக்கு அடுப்பு அணைந்து விடியற்காலை 5 மணிக்குக் கவனிக்கப்பட்டால், அந்த நான்கு மணி நேரத்தில் பல வாரப் பாடு நிறம் மங்கிப் போகிறது. மறுபடி எவ்வளவு தீ வைத்தாலும் போன பச்சை திரும்பாது.

விறகு அடுப்பு அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆளின் அசதி என்றே பலரும் சொல்வார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இரவு முழுவதும் விறகு தள்ளுகிறவர் பகலிலும் வேலை பார்த்தவராக இருந்தால் தூங்காமல் என்ன செய்வார்? அதோடு விறகின் குற்றமும் உண்டு. நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும். மழையில் நனைந்து, பாதி எடை தண்ணீராக இருக்கும் விறகு அதே ஒரு கிலோவுக்கு 1,900 கிலோ கலோரி அளவே தரும். பாதிக் கட்டை தண்ணீர் என்பதால் எரிவதற்குப் பொருள் குறைவு. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் விறகின் வெப்பமே செலவாகிறது. போதாக்குறைக்கு ஈர விறகின் புகையில் தார் மிகுதி. அது குழாயிலும் புகைபோக்கியிலும் படிந்து வழியை அடைக்கும். வழி அடைபட்டால் அடுப்பு மூச்சுத் திணறும், இன்னும் புகையும். காய் மிகுதியாக வரும் மழைக்காலத்தில்தான் விறகு நனைந்து கிடக்கிறது என்பதே ஏலமலையின் துன்பம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஈர விறகு பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெயையோ டீசலையோ அடுப்பில் ஊற்றுவது நம் வீடுகளிலும் நடக்கிறது. கனன்று கொண்டிருக்கும் தணலில் ஊற்றிய எண்ணெய் முதலில் ஆவியாகும். பிறகு அந்த ஆவி முழுவதும் ஒரே நொடியில் பற்றி, அடுப்பு வாயின் வழியே ஊற்றியவரின் முகத்துக்கு வரும். எண்ணெயைத் துணைக்கு அழைப்பது என்றால் இப்படி அன்று.

முறையாக அழைப்பது எப்படி? எண்ணெய்க்கென்றே ஒரு பர்னர் வேண்டும். அதன் வேலையைச் சற்று விளக்குவோம். முதலில் அதன் சிறு காற்றாடி சில நொடிகள் ஓடி, எரியும் கூட்டில் தங்கியிருக்கும் ஆவியை வெளியேற்றும். பிறகு பம்பு டீசலை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அளவான அழுத்தத்தில் ஊசிக்கண் போன்ற நாசிலின் வழியே தள்ளும். எண்ணெய் பனிப்புகை போலச் சிதறும். இரண்டு மின்முனைகளுக்கு இடையே பல ஆயிரம் வோல்ட் பொறி பறந்து அதைப் பற்ற வைக்கும். ஒளியை உணரும் ஒரு சிறு கண் தீப்பிழம்பைப் பார்த்துக் கொண்டே இருக்கும். சில நொடிகளுக்குள் பிழம்பு தெரியவில்லையென்றால் எண்ணெய் வழியை மூடி, பர்னரைப் பூட்டிவிடும். விறகுக்கு இந்தக் கண் இல்லை. அதைக் காக்க மனிதக் கண்தான் வேண்டும்.

இந்தப் பர்னரை எங்கே வைப்பது? விறகு அடுப்பின் வாயிலேயே பொருத்துவது மலிவு. ஆதலால் அதையே பலர் விரும்புவர். ஆனால் விறகு எரியும்போது எழும் அனல் நாசிலைக் கருக்கும். சாம்பல் காற்றாடியை அடைக்கும். விறகு எரியும் நாட்களில் பர்னரைக் கழற்றி வைத்துவிட்டு, நள்ளிரவில் தேடியெடுத்து மாட்டுவது என்றால், தூங்கிப் போன மனிதரால் அது ஆகுமா? எண்ணெய்க்குத் தனிக் கூடு அமைத்து, இரண்டு கூடுகளின் வெப்பக் காற்றும் ஒரே காற்றுவழியில் சேருமாறு செய்வதே நல்லது. பயன்படாத கூட்டின் பக்கம் காற்று வீணாக ஓடாதபடி ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும். புகைபோக்கியும் தனித்தனியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே புகைபோக்கியில் சேர்த்தால், விறகின் புகை உறங்கும் பர்னருக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். பர்னரின் புகை அணைந்த விறகடுப்பின் வாயால் வெளிவரும். இந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். குழாய்களில் ஓட்டை விழுந்தால் ஏலக்காயில் புகை நாற்றம் ஏறுவது பொருள் நட்டம்தான். மழை இரவில் கதகதப்பாக இருக்கிறதே என்று ஸ்டோருக்குள் படுத்துறங்குவது உயிருக்கே ஆபத்து. இதைப் பெற்றோர் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

எண்ணெய் விலை மிகுந்தது, விறகு மலிவானது. ஆகவே துணை நெருப்பு எப்போதும் எரியக் கூடாது. தேவையானபோது தவறவும் கூடாது. இதைச் செய்வது தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. விறகு தள்ளுகிறவர் அறையை 48, 50 டிகிரியில் வைத்திருக்க முயல்கிறார் என்று கொள்வோம். பர்னரின் தெர்மோஸ்டாட்டை 44 டிகிரியில் மூட்டவும் 47 டிகிரியில் நிறுத்தவும் திருப்பி வைத்தால் போதும். விறகு நன்றாக எரியும்வரை பர்னர் வாய் திறக்காது. விறகு தணிந்து வெப்பம் 44-க்கு இறங்கியதும் தானே பற்றிக் கொள்ளும். மாறாகப் பர்னரையும் 50-இல் வைத்துவிட்டால் என்ன ஆகும்? விறகு சற்றுத் தாழ்ந்த போதெல்லாம் எண்ணெய் எரியும். அறை சூடாகவே இருப்பதால் விறகு போட வேண்டிய அவசியமும் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் டீசல் கணக்கைப் பார்க்கும்போதுதான் தெரியும்! பர்னர் எரியத் தொடங்கியதும் ஒரு மணி அடிக்குமாறு செய்வது இன்னும் சிறப்பு. துணை வந்துவிட்டது என்பதைவிட, முதல் நெருப்பு தணிந்துவிட்டது என்பதையல்லவா முதலில் அறிய வேண்டும்?

எவ்வளவு எண்ணெய் வேண்டும்? 500 கிலோ பச்சைக் காய் கொள்ளும் ஓர் உலர்த்தியை எடுத்துக் கொள்வோம். வெளியேற வேண்டிய தண்ணீர் 390 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை அந்த வெப்பத்தில் ஆவியாக்க ஏறத்தாழ 570 கிலோ கலோரி தேவை, மொத்தம் 2,22,300. இதை 20 மணி நேரத்தில் செய்தால் மணிக்கு 11,000 கிலோ கலோரிக்குச் சற்று மேல். எரியும் வெப்பத்தில் பாதி புகையோடும் சுவரோடும் போகும் என்று வைத்துக் கொண்டால், மணிக்கு 22,000 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் சுமார் 8,600 கிலோ கலோரி தரும். ஆக, மணிக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். காயில் ஈரம் மிகுந்திருக்கும் முதல் சில மணி நேரத்துக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதால், மணிக்கு நான்கு லிட்டர் எரிக்கவல்ல பர்னர் பொருத்தமானது. 100 லிட்டர் கையிருப்பு இருந்தால், விறகே இல்லாத ஒரு முழு உலர்த்தலை முடித்துவிடலாம். நூறு கிலோ அளவே காய் வரும் சிறு விவசாயிக்கு எங்கள் யோசனை வேறு. எண்ணெய்ப் பர்னரின் மிகச் சிறிய நாசிலும் மணிக்கு ஒன்றரை லிட்டர் போலக் கக்கும். அது சிறு அறைக்கு மிகை. அவருக்கு எரிவாயு உருளையே ஏற்றது.

செலவையும் பார்த்துவிடுவோம். 2025-இல் டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி விற்றது. பத்து மணி நேர இரவு ஒன்றில் 26 லிட்டர் எரிந்தால் 2,400 ரூபாய் அளவாகும். நெஞ்சு துணுக்குறும் தொகைதான். ஆனால் அந்த அறையிலுள்ள 500 கிலோ பச்சைக் காய் 110 கிலோ உலர்ந்த காயாகும். ஏலக்காய் விலை நிலையில்லாதது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது, பிறகு பெருமளவு இறங்கவும் செய்தது. நாம் 1,000 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் உள்ளே இருப்பது 1,10,000 ரூபாய்ச் சரக்கு. நிறம் மங்கி ஐந்தில் ஒரு பங்கு விலை விழுந்தால் 22,000 ரூபாய் போச்சு. ஆண்டுக்கு இரண்டு மூன்று இரவுகள் மட்டும் எரியும் எண்ணெய் அதன் விலையை மீட்டுத் தந்துவிடுகிறது. ஒவ்வோர் இரவும் எரிந்தாலோ ஸ்டோர்க்காரரையே விழுங்கிவிடும்.

இந்த ஏற்பாடு ஏலமலைக்கு மட்டும் உரியது அன்று. ஆஸ்திரியா, சுவீடன் போன்ற குளிர் நாடுகளில் மரத்தூளை அழுத்தி ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள சிறு குச்சிகளாக்கி, அவற்றை எரித்து வீட்டைச் சூடேற்றுகிறார்கள். அக்குச்சிகளுக்குப் 'பெல்லட்' என்று பெயர். ஈரம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் நன்றாக எரியும். இரண்டு கிலோ பெல்லட் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமம். ஒரு திருகு அவற்றைச் சிறிது சிறிதாக அடுப்புக்குள் தள்ள, கொதிகலனில் சூடேறும் தண்ணீர் குழாய்கள் வழியாக அறை அறையாகச் செல்லும். திருகு சிக்கிக் கொண்டாலோ, குச்சி தீர்ந்தாலோ பனிக்காலத்தில் வீடு உறைந்து போகும் அல்லவா? அதனால் முன்பிருந்த எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றி எறியாமல் துணைக்கு வைத்துக் கொள்பவர்கள் உண்டு. அங்கும் விதி இதுவே: எண்ணெயின் தெர்மோஸ்டாட் சில டிகிரி கீழே இருக்க வேண்டும். தண்ணீரானால் இன்னொன்றும் சேர்கிறது. எரியும் கலனின் வெந்நீர் உறங்கும் கலனுக்குள் பின்னோக்கிப் புகுந்து, அதன் புகைபோக்கியைச் சூடாக்கி வீணாகக் கூடாது. ஆகவே ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒருவழி வால்வு வேண்டும்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. திருமலையில் பக்தர்களுக்கு உணவு சமைக்க 2002-இல் 106 சூரிய ஒளித் தட்டுகளை அமைத்து, நாளொன்றுக்கு 4,000 கிலோ நீராவி உண்டாக்க ஏற்பாடு செய்தார்கள். ஏற்கெனவே இருந்த டீசல் கொதிகலன்களோடு அது இணைக்கப்பட்டது. மேகம் மூடினால் சாதம் வேகாமல் நிற்க முடியாதே! பெரிய விடுதிச் சமையலறைகளில் நீராவியில் சோறு வேக வைக்கும் கொதிகலன்களுக்கும் இவ்விதம் துணை வைக்கலாம். ஆனால் நீராவிக் கலன் விளையாட்டுப் பொருள் அன்று. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2025-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டமும் அதற்குப் பதிவும் ஆய்வும் வேண்டும் என்கின்றன. 25 லிட்டருக்குக் குறைந்த கலன்களும், தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழேயே சூடாக்கும் கலன்களும் விலக்கு.

மீண்டும் மலைக்கு வருவோம். துணை நெருப்பு அமைத்தவர்கள் பலர் மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு: முதல் நெருப்பு எந்தக் காரணத்தால் அணைந்ததோ, அதே காரணம் துணையையும் அணைத்துவிடுமா? பலத்த மழை. விறகு நனைந்துவிட்டது. அதே மழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. பர்னரின் காற்றாடி, பம்பு, பொறி, ஒளிக்கண் அனைத்தும் மின்சாரத்தால் ஓடுபவை. விறகு வேண்டும் இரவில் விறகு இல்லை. எண்ணெய் வேண்டும் இரவில் மின்சாரம் இல்லை! 2018 ஆகஸ்டில் இடுக்கியில் இப்படித்தான் ஆயிற்று. ஆகஸ்டு 9-ஆம் நாள் செறுதோணி அணையின் மதகு ஒன்று 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. தொடர்ந்து வந்த நாட்களில் மலைச் சரிவுகளால் சாலைகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் பல இடங்களில் நின்றது. சாலை இல்லையென்றால் டீசல் வண்டி எப்படி மேலே வரும்? ஆகவே கையிருப்பு மழைக்கு முன்பே தொட்டியில் இருக்க வேண்டும். சிறு ஜெனரேட்டர் ஒன்றும் வேண்டும். அது பர்னரை மட்டுமன்றி, பெரிய காற்றாடியையும் புறப்படச் செய்யும் வலிமை உடையதாக இருக்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் அது ஓடும்போது கேட்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும்.

காற்றாடி நின்றுவிட்டால் பர்னரும் உடனே நிற்குமாறு மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். இல்லையேல் காற்று ஓடாத கூடு பழுக்கக் காய்ந்து வெடிப்பு விடும். எண்ணெயை நொடியில் நிறுத்தலாம். விறகை அப்படி நிறுத்த முடியாது. அடுப்பின் காற்று வாயை மூடி, தணலை வெளியே இழுக்க வேண்டும். அதற்கான நீண்ட இரும்புக் கொக்கி அடுப்பருகிலேயே தொங்கட்டும்.

இப்போது பழைய குழாய் ஸ்டோரை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். காற்றாடியும் மின்சாரமும் வேண்டாத அறை என்று சொன்னோம் அல்லவா? புதிய உலர்த்தி வந்ததும் பழைய ஸ்டோரை உர மூட்டை அடுக்கும் அறையாக்கிவிடுவது வழக்கம். உலர்ந்த விறகு ஒரு வண்டி கூரைக்குக் கீழ் இருக்குமானால், மின்சாரமற்ற இரவுக்கு அந்தக் கிழ அறையைவிட நம்பத்தக்க துணை கிடையாது என்பது எங்கள் கருத்து. ஜெனரேட்டரைவிட மலிவும் கூட.

டீசல் தொட்டியைப் பற்றிச் சில சொற்கள். அது அடுப்புக்கு மேலோ அருகிலோ இருக்கலாகாது. சுவருக்கு அப்பால், கூரையின் கீழ் இருக்கட்டும். அடுப்பை நோக்கி வரும் குழாய் இரும்பாகவோ செம்பாகவோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. தீப்பிடித்தால் ஓடிச் சென்று மூடத்தக்க இடத்தில் ஒரு வால்வு, அதன் பக்கத்தில் மணல் வாளி. ஈரக் காற்றுள்ள மலையில் பாதி நிரம்பிய தொட்டியின் உட்சுவரில் நீர் வியர்த்து அடியில் சேரும். அந்த நீரில் வழவழப்பான கசடு வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். அடியில் ஒரு சிறு குழாய் வைத்து மாதந்தோறும் நீரை வடித்துவிட வேண்டும்.

பர்னர் பூட்டிக் கொண்டால் அதை விடுவிக்கச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை ஒரு முறை அழுத்தலாம். பற்றவில்லை என்று மீண்டும் மீண்டும் அழுத்தினால், ஒவ்வொரு முறையும் கூட்டுக்குள் சிறிது எண்ணெய் சேரும். ஐந்தாம் முறை பொறி பிடித்தால் சேர்ந்த எண்ணெய் முழுவதும் ஒன்றாகப் பற்றிக் கூட்டின் கதவைப் பெயர்த்துவிடும். பெரும்பாலும் குற்றம் அடைபட்ட வடிகட்டியிலோ, கரி படிந்த ஒளிக்கண்ணிலோ இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கண்ணை மெல்லிய துணியால் துடைத்து மாட்டினால் பல நாள் தகராறு தீர்ந்துவிடும்.

ஜூலையில், காய் எடுப்புத் தொடங்குமுன், விறகே போடாமல் பர்னரை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அறை 44 டிகிரிக்கு ஏறுகிறதா, 47-இல் நிற்கிறதா, மணி அடிக்கிறதா என்று தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, ஜெனரேட்டரில் அதையே இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும். இதைப் பகலில் செய்தாலும், இரவில் ஸ்டோரைக் காக்கப் போகிற ஆளே செய்ய வேண்டும். கைவிளக்கோடு வந்து பொத்தானைத் தேடப் போகிறவர் அவர்தானே.